கனவில் செய்த கொலைக்கு யார் பொறுப்பு?

மனிதன் தான் செய்யும் செயலுக்குத் தானே பொறுப்பாளி. இதை நாம் முதல் வகுப்பிலிருந்தே கேட்டு வருகிறோம். பக்கத்தில் இருக்கும் தோழியின் பென்சிலை எடுத்துக்கொண்டு, "நான் எடுக்கவில்லை, என் கைதான் எடுத்தது" என்று சொன்னால் எந்த ஆசிரியையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் ஒருவனுடைய நினைவுகளையெல்லாம் துடைத்துவிட்டு, வேறொரு வாழ்க்கையின் நினைவுகளை அவன் மனத்துக்குள் புகுத்தி, இல்லாத ஓர் உலகத்தில் அவனை உலவவிட்டால், அங்கே அவன் செய்யும் குற்றத்துக்கு அவன் பொறுப்பாவானா? தொலைக்காட்சித் தொடர் ஒன்று இந்தக் கேள்வியை எழுப்பியது. நம் மறைக்கல்வி வகுப்பில் பாவம், மனச்சான்று, சுயாதீனம் என்று படித்தவற்றையெல்லாம் உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 2013 முதல் 2020 வரை ஏழு பருவங்களாக ஒளிபரப்பானது 'ஏஜெண்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' என்ற தொடர். உலகைத் தீயவர்களிடமிருந்து காக்கும் ஓர் இரகசிய அமைப்பின் கதை அது. சண்டையும் துப்பாக்கிச் சத்தமும் மிகுந்த தொடர்தான். எங்கள் வீட்டில் அப்பா பத்து நிமிடத்துக்குமேல் பொறுக்கமாட்டார். ஆயினும் 2017 ஏப்ரல், மே மாதங்களில் ஒளிபரப்பான அதன் நான்காம் பருவத்தின் கடைசிப் பகுதி, சண்டைக் கதையாகத் தொடங்கி ஒரு மனச்சான்றுக் கதையாக மாறிவிட்டது.

கதை இதுதான். ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானியும், ஷீல்டில் பணிபுரியும் ஃபிட்ஸ் என்ற இளம் பொறியாளனும் சேர்ந்து கணிப்பொறிக்குள் ஓர் உலகத்தை உருவாக்குகிறார்கள். அதன் பெயர் 'ஃப்ரேம்வொர்க்'. தமிழில் சட்டகம் எனலாம். உடல் இங்கே உறங்கிக் கிடக்கும். மனம் மட்டும் அந்த உலகத்தில் நடமாடும். உயிருக்கு ஆபத்தில்லாமல் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் முதலில் அதை அமைத்தார்கள். ராட்கிளிஃப் உண்டாக்கிய எய்டா என்ற பெண்ணுருவ இயந்திரம் பின்னர் ஷீல்டைச் சேர்ந்த ஐவரைக் கடத்தி, அவர்கள் உடலைக் கட்டிப்போட்டு, மனத்தைச் சட்டகத்துக்குள் தள்ளிவிடுகிறது. பழைய வாழ்க்கையின் நினைவு அவர்களுக்கு இல்லை. அது மட்டுமன்று. ஒவ்வொருவரும் தம் வாழ்வில் மிகவும் வருந்திய ஒரு நிகழ்ச்சி அங்கே நடவாதபடி மாற்றப்படுகிறது. அது ஏறக்குறைய ஒரு கருணைச் செயல் போலத் தோன்றுகிறது!

மேக் என்பவரின் பெண் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிட்டது. சட்டகத்தில் அவள் வளர்ந்து அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். மே என்ற வீராங்கனை பஹ்ரைன் நாட்டில் பலரைக் காப்பாற்றுவதற்காக ஒரு சிறுமியைச் சுட்டுக்கொல்ல நேர்ந்தது. சட்டகத்தில் அவள் அச்சிறுமியைச் சுடவில்லை. ஃபிட்ஸின் குறை, சிறு வயதிலேயே தந்தை தன்னை விட்டுப் போய்விட்டார் என்பது. சட்டகத்தில் தந்தை போகவில்லை. உடனிருந்து வளர்க்கிறார். அங்கேதான் வினை தொடங்குகிறது. ஏனென்றால் அந்தத் தந்தை கொடியவர். இரக்கம் என்பது பலவீனம் என்று சொல்லிச் சொல்லியே மகனை வளர்க்கிறார்.

உண்மை உலகத்தில் ஃபிட்ஸ் கூச்ச சுபாவமுள்ளவன், அன்பானவன், சிம்மன்ஸ் என்ற சக விஞ்ஞானியை உயிராக நேசிப்பவன். சட்டகத்திலோ ஹைட்ரா என்ற கொடுங்கோல் அமைப்பு ஆள்கிறது. அதன் இரண்டாம் தலைவனாக ஃபிட்ஸ் இருக்கிறான். 'டாக்டர்' என்றாலே மக்கள் நடுங்குகிறார்கள். பிடிபட்டவர்களை வைத்துக் கொடிய ஆராய்ச்சிகள் செய்கிறான். ஆயுதம் எதுவும் இல்லாத ஆக்னஸ் என்ற பெண்ணைச் சிம்மன்ஸின் கண்ணெதிரிலேயே சுட்டுக் கொல்கிறான். இயன் டி கேஸ்டெக்கர் என்ற நடிகர் ஒரே முகத்தில் இந்த இருவரையும் காட்டுவது கண்டு வியக்கத்தக்கது. கடைசியில் ஃபிட்ஸ் விழித்துக்கொள்ளும்போது இரண்டு வாழ்க்கைகளும் அவன் நினைவில் இருக்கின்றன. தன் கையைப் பார்த்துத் தானே நடுங்குகிறான்.

இவன் கொலைகாரனா?

"இதென்ன கேள்வி? நடந்ததெல்லாம் பொய்தானே? பொய்யான ஆளைச் சுட்டால் யாருக்கு நஷ்டம்?" என்றாள் என் வகுப்புத் தோழி. பெரும்பாலோர் முதலில் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இந்த விடை நிற்காது. முதலாவது, அங்கே நடந்த எல்லாமே பொய்யன்று. ஷீல்டின் இயக்குநரான மேஸ் சட்டகத்துக்குள் இறந்தபோது, வெளியே கட்டுண்டு கிடந்த அவருடைய உண்மையான உடலும் உயிரிழந்தது. இரண்டாவது, நடந்தது பொய் என்பது நமக்குத் தெரியும், ஃபிட்ஸுக்குத் தெரியாது. தன் முன் நிற்பது உயிருள்ள ஒரு பெண் என்று நம்பித்தான் அவன் துப்பாக்கியை உயர்த்தினான். அவள் பொய்யாக இருக்கலாம். கொல்ல வேண்டும் என்ற அவனுடைய எண்ணம் பொய்யா?

நம் ஆண்டவர் மலைப்பொழிவில் கொலையைப் பற்றிப் பேசும்போது கையோடு நிற்கவில்லை. சினங்கொண்ட உள்ளத்தையே தீர்ப்புக்கு உட்படுத்துகிறார். வள்ளுவரும் கள்ளாமை அதிகாரத்தில், பிறன் பொருளைத் திருட வேண்டுமென்று மனத்தால் எண்ணுவதே தீமை என்கிறார். பாவத்தின் வேர் மனத்தில் இருக்கிறது என்றால், சுடப்பட்டவள் இரத்தமும் சதையுமானவளா, கணிப்பொறியின் கணக்கா என்பது முதல் கேள்வியாக இருக்க முடியாது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். என் தம்பி அலைபேசியில் ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேரைச் சுட்டுத் தள்ளுகிறான். அவனை யாரும் கொலைகாரன் என்று சொல்வதில்லை. "கண் கெட்டுப் போகும்" என்று அம்மா அதட்டுவதோடு சரி. ஏன்? அது விளையாட்டு என்று அவனுக்குத் தெரியும். எனவே, 'எல்லாம் பொய்' என்ற சமாதானம், பொய்யென்று அறிந்தவனுக்கு மட்டுமே பொருந்தும். அறியாத ஃபிட்ஸுக்கு அது பயன்படாது. அவனைக் காப்பாற்ற வேண்டுமானால் வேறு நியாயம் தேட வேண்டும்.

அந்த நியாயம் நம் மறைக்கல்வியிலேயே இருக்கிறது. ஒரு செயல் சாவான பாவமாவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று திருச்சபை கற்பிக்கிறது. காரியம் கனமானதாக இருக்க வேண்டும். முழு அறிவு வேண்டும். முழு மனச் சம்மதம் வேண்டும். 1992 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே கூறுகிறது. அறியாமை, அச்சம், வற்புறுத்தல், பழக்கம் போன்றவை ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளைகளில் முற்றிலும் நீக்கவும் கூடும் என்றும் அது சொல்கிறது. கொலை கனமான காரியமே, அதில் ஐயமில்லை. முழு அறிவும் சம்மதமும் ஃபிட்ஸிடம் இருந்தனவா?

நாட்டுச் சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. ஒருவன் தானே குடித்துவிட்டுக் குற்றம் செய்தால், போதையில் இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் அவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ பிறர் போதைப்பொருளை ஊட்டி, அதனால் தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத நிலையில் அவன் ஒன்றைச் செய்துவிட்டால் அது குற்றமாகாது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இந்த விதி இருந்தது; அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஃபிட்ஸ் தானாகப் போய் அந்த நாற்காலியில் படுக்கவில்லை. எய்டா அவனுக்குப் போதையை ஊட்டியது. அதன் பெயர் சட்டகம்.

இத்துடன் வழக்கை முடித்து அவனை விடுதலை செய்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் அவனை விடுவிக்கத்தான் ஆசை. ஆனால் கதையில் வரும் மே நம்மைத் தடுக்கிறாள்.

மேயும் அதே சட்டகத்தில், அதே போல் நினைவிழந்து, அதே ஹைட்ராவில்தான் பணிபுரிகிறாள். அவள் செய்த மாற்றமோ ஓர் இரக்கச் செயல்: சிறுமியைச் சுடாமல் விட்டாள். அந்தச் சிறுமியாலேயே பின்னர் பலர் இறந்தனர், அதைக் காரணமாக்கித்தான் ஹைட்ரா ஆட்சிக்கு வந்தது என்பது கதை. (முன்கூட்டி அறிய முடியாத விளைவுக்காக அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை என்பது என் கருத்து.) அதனாலேயே இரக்கத்தை வெறுத்து ஹைட்ராவின் கட்டளைகளை இம்மி பிசகாமல் நிறைவேற்றுகிறாள். ஒருநாள், எதிரி என்று தனக்குச் சொல்லப்பட்ட மேஸ், இடிந்து விழும் கட்டடத்தைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு குழந்தைகளை வெளியேற்றுவதைக் காண்கிறாள். அவர் அதன்கீழ் நசுங்கி இறக்கிறார். பழைய நினைவு ஒன்றும் அவளுக்குத் திரும்பிவிடவில்லை. ஆனாலும் அன்றே மனம் மாறி, ஹைட்ராவின் சிறையிலிருந்த டெய்சிக்கு உதவுகிறாள்.

பொய்யான உலகத்திலும், பொய்யான நினைவுகளுக்கு நடுவிலும், மனச்சான்று வேலை செய்தது! அப்படியானால் ஃபிட்ஸுக்கும் அந்த வாய்ப்பு இருந்ததல்லவா? ஆக்னஸின் முகத்தை அவன் பார்த்தான். சிம்மன்ஸ் கண்ணீரோடு அவனிடம் பேசினாள். அவன் கல்லாகவே நின்றான். திருச்சபை அறியாமையையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. எவ்வளவு முயன்றாலும் தவிர்க்க முடியாத அறியாமை ஒன்று; உண்மையைத் தேடும் அக்கறை இல்லாததால் வரும் அறியாமை மற்றொன்று. முதலாவதற்குப் பழி இல்லை, இரண்டாவதற்கு உண்டு. தான் இருப்பது பொய்யுலகம் என்பதை ஃபிட்ஸ் அறிய வழியில்லை. எளியவரைக் கொல்லலாகாது என்பதை அறிய எந்த உலகத்திலும் வழி இருக்கிறது. மே அறிந்துகொண்டாளே!

இதற்கு என் அத்தை ஒரு மறுப்புச் சொன்னார். அவர் வேறொரு பள்ளியில் ஆசிரியை. "மேயை வளர்த்தவர் அப்படிப்பட்ட தகப்பன் இல்லையே. சின்ன வயதிலிருந்து அடித்து அடித்துக் கல்லாக்கப்பட்ட பிள்ளையிடம் போய் ஏன் கல்லாக இருக்கிறாய் என்று கேட்பாயா?" என்றார். இதற்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. யோசித்தபோது இன்னொன்று புலப்பட்டது. நாம் ஃபிட்ஸுக்காக இவ்வளவு வாதாடுவது ஏன்? மூன்று பருவங்களுக்கு மேலாக அவனை நல்லவனாகப் பார்த்திருக்கிறோம். நல்ல சூழ்நிலை கிடைத்தால் அவன் எப்படி இருப்பான் என்பதற்கு நம்மிடம் சாட்சி இருக்கிறது. ஆனால் உண்மை உலகத்தில், கொடிய தகப்பனிடம் வளர்ந்து, பதினேழு வயதில் கத்தியை எடுத்தவனுடைய படத்தைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். "இவனையெல்லாம் தூக்கில் போட வேண்டும்" என்று ஒரு நொடியில் சொல்லிவிடுகிறோம். நல்ல தகப்பன் கிடைத்திருந்தால் அவன் யாராக இருந்திருப்பான் என்பதைக் காட்டும் மூன்று பருவங்கள் அவனுக்கு யாரும் எடுத்துக் காட்டவில்லை. ஃபிட்ஸுக்கு நாம் கொடுக்கும் அதே தள்ளுபடியை அவனுக்கும் கொடுக்க வேண்டும். அல்லது இருவருக்கும் மறுக்க வேண்டும். இரண்டு தராசு வைத்துக்கொள்வது நியாயமன்று.

நான் எண்ணிப் பார்த்தவரையில், ஃபிட்ஸின் பொறுப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. ஆனால் ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. பெரும் பங்கு ராட்கிளிஃப்புடையது. அவர் நினைவு துடைக்கப்படவில்லை. உயிருள்ள மனிதர்களைச் சட்டகத்தில் அடைக்க முழு அறிவோடு, முழுச் சம்மதத்தோடு துணைபோனவர் அவர். அவர் தீயவரும் அல்லர் என்பதுதான் வேடிக்கை. இந்த ஆக்னஸ் அவர் நேசித்த பெண்தான். தீராத நோயால் சாகவிருந்தவளுடைய மனத்தைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தவர் அவரே. மனிதர் துன்பமே இல்லாமல் வாழ ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். அந்த இடத்திலேயே அவர் கண்முன் அவள் மறுபடி செத்தாள். (ஆன்மாவைக் கம்பி வழியாக அனுப்ப முடியுமா என்று கேட்டால், முடியாது என்றே நான் சொல்வேன், ஆனால் கதைக்குக் காலுண்டு, போகட்டும்.) எய்டாவைப் பற்றி இங்கே எழுதப் புகுந்தால் இயந்திரத்துக்கு மனச்சான்று உண்டா என்று இன்னொரு கட்டுரையே எழுத வேண்டிவரும்.

சரி, பொறுப்பு குறைவென்றால் ஃபிட்ஸ் ஏன் அப்படித் துடிக்கிறான்? பழியில்லாதவனுக்கு வருத்தம் எதற்கு?

இந்தக் கேள்விக்கு வயது ஆயிரத்து அறுநூறுக்கும் மேல். புனித அகுஸ்தினார் தம் 'பாவ அறிக்கை' நூலின் பத்தாம் புத்தகத்தில், கனவுகளைப் பற்றி இதையே ஆண்டவரிடம் கேட்கிறார். விழித்திருக்கும்போது நான் தள்ளிவிடும் தீமைக்குக் கனவில் இணங்கிவிடுகிறேனே, அப்போது நான் நானாக இல்லையா என்பது அவர் கவலை. அவர் கண்ட விடை நுட்பமானது. விழித்ததும் மனச்சான்று அமைதியடைகிறது. அதை நாம் செய்யவில்லை என்று தெரிகிறது. ஆயினும் எப்படியோ அது நமக்குள் நடந்துவிட்டதே என்று வருந்துகிறோம். 'நான் செய்தது' வேறு, 'என்னில் நடந்தது' வேறு. இரண்டுக்கும் வருத்தம் உண்டு; முதலாவதற்கு மட்டுமே பாவசங்கீர்த்தனத் தொட்டி.

'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற தொடரில் 1996 இல் வந்த ஒரு கதை எனக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஓ'பிரையன் என்ற பொறியாளரைச் செய்யாத குற்றத்துக்காக ஓர் அன்னியக் கிரகத்தார் தண்டிக்கிறார்கள். இருபது ஆண்டுச் சிறைவாசத்தின் நினைவைச் சில மணி நேரத்தில் அவர் மூளைக்குள் செலுத்திவிடுகிறார்கள். வெளியே வந்தவர், தான் அங்கே தனியாக இருந்ததாகவே எல்லாரிடமும் சொல்கிறார். உண்மையில் ஒரு துணைக் கைதி இருந்திருக்கிறான். பட்டினியின் கொடுமையில், அவன் தனக்குத் தெரியாமல் உணவைப் பதுக்குகிறான் என்று எண்ணி அவனை அடித்துக் கொன்றுவிட்டார். பிறகு பார்த்தால், அந்த உணவை இருவருக்குமாகவே அவன் சேர்த்து வைத்திருந்தான். இப்படி ஒருவன் பிறக்கவேயில்லை. அந்தச் சிறையில் ஒரு நாள்கூட நடக்கவில்லை. ஆனால் ஓ'பிரையன் தம் சின்ன மகளை அடிக்கக் கை ஓங்கிவிடுகிறார். கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறார். அவருடைய நண்பரான மருத்துவர் ஓடி வந்து தடுக்கிறார். நடந்தது பொய் என்று அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. நீர் உண்மையில் விலங்காக மாறியிருந்தால் இந்தத் துயரமே உமக்கு இருக்காது என்னும் கருத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார். ஃபிட்ஸிடமும் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

இவர்களுக்கு நேர் எதிரான ஒருவனும் உண்டு. 2017 டிசம்பரில் வெளியான 'பிளாக் மிரர்' தொடரின் ஒரு கதையில், டேலி என்ற கணிப்பொறி நிபுணன் தன் அலுவலகத்தாரைப் போன்ற உணர்வுள்ள நகல்களைத் தன் சொந்த விளையாட்டுக்குள் உண்டாக்கி, அங்கே அவர்களை வதைக்கிறான். அது சிறுவர்களுக்கான தொடரன்று. என் அண்ணன் கதையாகச் சொல்லத்தான் கேட்டேன். அவன் நினைவை யாரும் துடைக்கவில்லை. அது போலி உலகம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த நகல்களுக்கு வலிக்கும் என்பதும் தெரியும். வலிப்பதால்தான் அவனுக்கு அதில் சுவையே. என் தம்பி சுடும் படங்களுக்கு வலியில்லை. டேலியின் நகல்களுக்கு வலி உண்டு. இங்கே 'எல்லாம் பொய்' என்ற சமாதானம், பொய்யென்று அறிந்த டேலிக்குக்கூடப் பயன்படவில்லை.

மீண்டும் ஃபிட்ஸ். 2018 இல் வந்த ஐந்தாம் பருவத்தில், சட்டகத்தின் 'டாக்டர்' அவன் கண்முன் தோன்றுகிறான். உலகம் அழியும் ஆபத்து. அதைத் தடுக்க டெய்சியின் கழுத்தில் அவளுடைய சக்தியை அடக்கப் பொருத்தப்பட்டிருந்த கருவியை எடுக்க வேண்டும். டெய்சி மறுக்கிறாள். 'டாக்டர்' அவளைக் கட்டிப்போட்டு, அவள் அலற அலறக் கழுத்தை அறுத்து எடுக்கிறான். பிறகுதான் தெரிகிறது, 'டாக்டர்' என்று தனியாக யாரும் வரவில்லை. செய்தது முழுவதும் ஃபிட்ஸ். மனம் பேதலித்திருந்தான் என்பது உண்மை. ஆனால் தெளிந்த பிறகும் தான் செய்தது அவசியமென்றே அவன் வாதித்தான். இங்கே சட்டகம் இல்லை, எய்டா இல்லை, தந்தையும் இல்லை.

ஃபிட்ஸ் ஒரு குருவானவரிடம் போனால் எதைச் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் ஒருநாள் எங்களுக்குள் விவாதம் வந்தது. ஆக்னஸைக் கொன்றதைச் சொல்ல வேண்டும் என்றனர் பலர். சொல்லி அழலாம், ஆறுதல் கிடைக்கும். ஆனால் நான் இருந்தால் அவனிடம் முதலில் டெய்சியைப் பற்றிக் கேட்பேன். அதற்கும் முன்னால் நடந்த ஒன்றைக் கேட்பேன். நான்காம் பருவத்தின் தொடக்கத்தில், எய்டா மனுஷியன்று, இயந்திரம் என்பதை ஃபிட்ஸ் கண்டுபிடித்துவிட்டான். இரகசியமாக வைத்துக்கொள் என்று ராட்கிளிஃப் கேட்டார். அவனும் சிம்மன்ஸிடம்கூடச் சொல்லாமல் மறைத்தான். அன்று அவன் நினைவு தெளிவாக இருந்தது, யாரும் அவனைக் கட்டிப்போடவில்லை, போதை ஊட்டவில்லை. சிறிய காரியம்தான். அப்போது அவன் வாய் திறந்திருந்தால் சட்டகத்தில் ஒருவரும் அடைபட்டிருக்கமாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மௌனம் அவனுடையது.